விபத்தில் இறந்த படைவீரர்களுக்கு ஊர் சார்பில் நினைவஞ்சலி நடத்துவது எப்படி?

கேள்வி இது: "எங்கள் பகுதியில் நடந்த ஒரு ராணுவ விபத்தில் இறந்தவர்களுக்கு ஆண்டு நினைவு நாளில் ஊர்மக்கள் சார்பில் அஞ்சலிக் கூட்டம் நடத்த நினைக்கிறோம். அவர்கள் போரில் இறக்கவில்லையே, இதெல்லாம் முறையா என்று சிலர் கேட்கிறார்கள். நடத்தினால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?"

முறைதான். இன்னும் சொல்லப்போனால், போரில் இறந்தவர்களைவிட இவர்களுக்குத்தான் ஊர் சார்பிலான கூட்டம் அதிகம் தேவைப்படுகிறது.

ராணுவக் கணக்கில் மரணங்கள் இரண்டு வகையாகப் பிரிக்கப்படுகின்றன. எதிரியோடு மோதலிலோ, அறிவிக்கப்பட்ட படை நடவடிக்கையிலோ இறந்தால் 'பேட்டில் கேஷுவல்டி'. பணியில் இருக்கும்போது வேறு விதமாக இறந்தால் 'பிசிக்கல் கேஷுவல்டி'. குடும்ப ஓய்வூதியத்தின் வகையே இந்தப் பிரிவைப் பொறுத்து மாறும். டெல்லியில் 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய போர் நினைவுச்சின்னத்தின் சுவர்களில் இருப்பவை சுதந்திரத்துக்குப் பிறகு போர்களிலும் படை நடவடிக்கைகளிலும் உயிர்விட்டவர்களின் பெயர்கள். வழக்கமான பயணத்தில் ஹெலிகாப்டர் விழுந்து இறந்தவருக்கு அந்தச் சுவர் பொதுவாகக் கிடைப்பதில்லை. அவருடைய படைப்பிரிவு நினைவில் வைத்திருக்கும், குடும்பம் வைத்திருக்கும். அதற்கு வெளியே யார் என்று கேட்டால், விபத்து நடந்த ஊர்தான்.

நம் மரபிலும் இதற்குத் தடை கிடையாது. நடுகல் என்றாலே போரில் விழுந்தவனுக்கு என்று நினைக்கிறோம். புலியோடு மோதி இறந்தவனுக்குப் புலிகுத்திக் கல் இருக்கிறது, பன்றியோடு மோதி இறந்தவனுக்குப் பன்றிகுத்திக் கல் இருக்கிறது. செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களைப் படித்தால் அவற்றின் அமைப்பு தெளிவாகத் தெரியும்: எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், அவன் பெயர் என்ன, எப்படிச் செத்தான். அவ்வளவுதான், புகழுரை அதிகம் இருக்காது. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. தன் எருமைகளைக் காக்கப் போய் இறந்த ஒருவனுக்கு நட்டது. அவனோடு நின்று இரண்டு திருடர்களைக் கடித்த நாயையும் அதில் செதுக்கி, 'கோவிவன்' என்று அதன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். நாய்க்குக்கூடப் பெயர் எழுதியவர்களின் வழியில் வந்த நாம், இன்றைய அஞ்சலிக் கூட்டங்களில் லான்ஸ் நாயக் போன்ற கீழ்நிலை வீரரின் பெயரை 'மற்றும் பலர்' என்பதில் கரைத்துவிடுகிறோம். என்னைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கான பதிலில் பாதி இதுதான். எல்லாப் பெயர்களையும் சொல்லுங்கள், எப்படி இறந்தார்கள் என்பதை நேர்மையாகச் சொல்லுங்கள். மீதி எல்லாம் ஏற்பாடு.

நமக்கு நன்றாகத் தெரிந்த குன்னூர் விபத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

2021 டிசம்பர் 8, புதன்கிழமை. சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து காலை 11.48-க்கு எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் கிளம்பியது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் வெலிங்டன் ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் உரையாற்றுவதாக இருந்தது. 12.15-க்கு இறங்க வேண்டும். 12.08 வாக்கில் சூலூர் கட்டுப்பாட்டு அறையோடு தொடர்பு அறுந்தது. காட்டேரிக்குப் பக்கத்தில் நஞ்சப்பசத்திரம் என்ற சின்னக் குடியிருப்பை ஒட்டிய மரங்களுக்கு நடுவே விழுந்து தீப்பிடித்தது. முதலில் ஓடிப்போனவர்கள் அங்கே குடியிருந்தவர்கள்தான். வீட்டிலிருந்த குடங்களில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்கள். தூக்குப்படுக்கை வந்துசேரும்வரை காத்திருக்க நேரமில்லை என்பதால், தாங்கள் போர்த்திக்கொள்ளும் கம்பளிகளையும் போர்வைகளையும் எடுத்துக் கொடுத்தார்கள். அவற்றில் வைத்துத்தான் உடல்களைத் தூக்கினார்கள்.

மறுநாள் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் அஞ்சலி. முதலமைச்சர் உட்படப் பலரும் மலர்வளையம் வைத்தார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸ்கள் வரிசையாக மலையிறங்கி, மேட்டுப்பாளையம் வழியாகச் சூலூருக்குப் போயின. யாரும் ஆள் திரட்டவில்லை. வழியெங்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம் நின்று பூ வீசியது. பெரும்பாலானவர்களுக்கு உள்ளே இருந்த ஒருவரையும் தெரியாது. ஊர் சார்பிலான நினைவஞ்சலி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மேட்டுப்பாளையம் ரோடுதான்.

டிசம்பர் 13-ஆம் தேதி, தென்னிந்தியாவுக்கான ராணுவ அமைப்பான தக்ஷிண பாரத் ஏரியாவின் தளபதியாக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் ஏ. அருண் நஞ்சப்பசத்திரத்துக்கு வந்து மக்களுக்கு நேரில் நன்றி சொன்னார். கம்பளிகள் கொடுத்தார்கள். கிராமத்தை ஓராண்டுக்கு ராணுவம் தத்தெடுக்கும், மாதந்தோறும் மருத்துவரும் செவிலியரும் வருவார்கள் என்று அறிவித்தார்கள். கம்பளி கொடுத்த ஊருக்குக் கம்பளி. யார் யோசித்ததோ தெரியாது, ஆனால் நல்ல யோசனை.

இப்போது பெயர்களுக்கு வருகிறேன். அந்த விபத்தை இன்றும் 'பிபின் ராவத் விபத்து' என்றுதான் சொல்கிறோம். பேச்சுவழக்கில் தவிர்க்க முடியாது. கூட்டத்தில் தவிர்க்கலாம். அன்று ஹெலிகாப்டரில் இருந்தவர்கள்: ஜெனரல் பிபின் ராவத், அவருடைய மனைவி மதுலிகா ராவத், பிரிகேடியர் எல்.எஸ். லிட்டர், லெப்டினன்ட் கர்னல் ஹர்ஜிந்தர் சிங், குரூப் கேப்டன் வருண் சிங், விங் கமாண்டர் பிரித்வி சிங் சௌஹான், ஸ்க்வாட்ரன் லீடர் குல்தீப் சிங், ஜூனியர் வாரண்ட் ஆபீசர் ராணா பிரதாப் தாஸ், ஜூனியர் வாரண்ட் ஆபீசர் ஏ. பிரதீப், ஹவில்தார் சத்பால் ராய், நாயக் குருசேவக் சிங், நாயக் ஜிதேந்திர குமார், லான்ஸ் நாயக் விவேக் குமார், லான்ஸ் நாயக் பி. சாய் தேஜா. பதினான்கு பேர். நிதானமாகப் படித்தாலும் ஒரு நிமிடத்துக்குமேல் ஆகாது. 'நேரம் இல்லை' என்று எந்த மேடையும் சொல்ல முடியாது.

பெயர் படிப்பது லேசான வேலை மாதிரி தெரியும். வட இந்தியப் பெயர்களை ஒத்திகை இல்லாமல் மைக்கில் படித்தால் நாக்கு சுற்றிக்கொள்ளும். குடும்பத்தார் நேரில் வரவில்லை என்றாலும் வீடியோவில் பார்ப்பார்கள். மகன் பெயரை யாரோ தடுமாறிக் கொலை செய்வதை அவர்கள் கேட்க வேண்டாம். அதனால் படிப்பவர் முன்னாள் படைவீரராக இருந்தால் நல்லது. பதவிப் பெயர்கள் அவருக்குப் பழக்கம், வடநாட்டுப் பெயர்களும் பழக்கம். பள்ளி மாணவர்களைக்கொண்டு படிக்கவைப்பதும் அழகாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு நாள் முன்பே தாளைக் கொடுத்துப் பழக்குங்கள். பதவி வரிசையில் படிப்பதா, அகர வரிசையில் படிப்பதா என்று எங்கே போனாலும் சர்ச்சை வரும். ராணுவமே நடத்தும் நிகழ்ச்சி என்றால் பதவி வரிசை, அதில் நாம் தலையிட வேண்டாம். ஊர் நடத்துவது என்றால் நான் அகர வரிசையைத்தான் சொல்வேன். ஹெலிகாப்டர் விழுந்தபோது பதவி பார்த்து விழவில்லை.

இன்னொன்றும் உண்டு. 'ராணுவ வீரர்களுக்கு அஞ்சலி' என்று தலைப்புப் போட்டவுடன் ராணுவத்தில் இல்லாதவர்கள் கணக்கிலிருந்து நழுவிவிடுவார்கள். குன்னூரில் மதுலிகா ராவத் சீருடை அணிந்தவர் அல்ல. 2016 ஜூலை 22-ஆம் தேதி தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பி வங்கக்கடலில் மறைந்த விமானப்படையின் ஏஎன்-32 விமானத்தில் 29 பேர் இருந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் விசாகப்பட்டினத்தில் கடற்படை ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்த சிவிலியன் ஊழியர்கள். அமெரிக்காவில் 1963 ஏப்ரல் 10-ஆம் தேதி 'த்ரெஷர்' என்ற அணுசக்தி நீர்மூழ்கி, ஆழ்கடல் சோதனையின்போது மூழ்கி 129 பேர் இறந்தார்கள். அவர்களில் 17 பேர் கப்பல்கட்டும் தளத்தின் ஆட்களும் மற்றத் தொழில்நுட்பக்காரர்களும். அந்தக் கப்பலைக் கட்டிய தளத்தை ஒட்டிய கிட்டரி என்ற சின்ன ஊர், ஐம்பதாவது ஆண்டில் ஒரு கொடிக்கம்பம் நட்டது. உயரம் சரியாக 129 அடி. அதில் சீருடைக்கு இத்தனை அடி, சிவிலியனுக்கு இத்தனை அடி என்ற பிரிவு இல்லை. அதுதான் சரியான கணக்கு.

ஏஎன்-32 சம்பவத்தில் வேறொரு சிக்கலும் இருந்தது. உடல்களே கிடைக்கவில்லை. வாரக்கணக்கில் கப்பல்களும் விமானங்களும் தேடின. இரண்டு மாதம் கழித்து 29 பேரும் இறந்ததாகக் கருதப்படுவதாக அறிவித்தார்கள். 2024 ஜனவரியில்தான், சென்னையின் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அனுப்பிய ஆளில்லா நீர்மூழ்கிக் கலம், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படம் எடுத்தது. இடையில் ஏழரை ஆண்டுகள். இப்படிப்பட்ட விபத்துக்குக் கூட்டம் நடத்தும்போது, படத்துக்கு மாலை போடலாமா என்று குடும்பத்திடம் கேட்காமல் போடாதீர்கள். நம் பக்கத்தில் படத்துக்கு மாலை போட்டுவிட்டால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். அந்த முடிவுக்கு வராத ஒரு தாய் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். படத்தின் முன்னால் தட்டில் உதிரிப்பூ வையுங்கள், வருகிறவர்கள் அதிலிருந்து எடுத்துத் தூவட்டும். யாருக்கும் வருத்தம் வராது.

அப்புறம், எப்படி இறந்தார்கள் என்பது. அமைப்பாளர்கள் அதிகம் பயப்படும் இடம் இதுதான். பயந்து ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அல்லது மேடையில் ஏறிய யாராவது ஒருவர் சதி, மர்மம் என்று ஆரம்பித்துவிடுகிறார். இரண்டும் வேண்டாம்.

குன்னூர் விபத்தை ஏர் மார்ஷல் மானவேந்திர சிங் தலைமையிலான முப்படைக் குழு விசாரித்தது. 2022 ஜனவரி 14-ஆம் தேதி முதற்கட்ட முடிவை வெளியிட்டார்கள். இயந்திரக் கோளாறு இல்லை, நாசவேலை இல்லை, அலட்சியமும் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்துவிட்டது. அதில் விமானிக்குத் திசையுணர்வு தடுமாறி, கட்டுப்பாட்டில் இருந்த நிலையிலேயே தரையில் மோதியது. இதுதான் சாரம். பின்னர் 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையின் பட்டியல் ஒன்றில் இதே விபத்துக்கு எதிரே 'மனிதத் தவறு (விமானக் குழு)' என்று இருந்தது. செய்திகளில் வந்தது அந்த ஒரு வரிதான்.

மேடையில் அந்த ஒரு வரியை மட்டும் படித்தால், விமானிகளின் வீட்டார் தலைகுனிந்து உட்கார வேண்டியிருக்கும். முழுதாகச் சொன்னால் அப்படி இருக்காது. மேகத்துக்குள் போய்விட்டால் அடிவானம் தெரியாது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு மெதுவான திருப்பத்தை உணராது. சாய்ந்து பறக்கும்போதும் நேராகப் பறப்பதாகவே உடம்பு அடித்துச் சொல்லும். அந்த நேரத்தில் உடம்பை நம்பாமல் கருவிகளை நம்ப வேண்டும் என்பதுதான் பயிற்சி. உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு அப்படிச் சுதாரிக்க அவகாசம் இருக்கும். மலைப் பள்ளத்தாக்கில் தாழப் பறக்கும் ஹெலிகாப்டருக்கு அது சில விநாடிதான். நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதை நீட்டி விளக்கவே வேண்டாம், பத்து அடி தூரத்தில் வரும் பஸ் தெரியாத மூடுபனியை அவர்கள் வருஷா வருஷம் பார்க்கிறார்கள். இதைப் புரியவைத்தால் 'தவறு' என்ற சொல்லின் எடை மாறிவிடும். ஐந்து நிமிடம் போதும். ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள், சூலூர் பக்கத்தில் அவர்களுக்குப் பஞ்சமில்லை.

காரணத்தைச் சொல்வதால் அஞ்சலியின் மதிப்பு குறையாது என்பதற்கு த்ரெஷர்தான் எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம். குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போய்க் கடல்நீர் உள்ளே புகுந்திருக்கலாம், மின்சாதனங்கள் பழுதாகி அணு உலை நின்றிருக்கலாம், மேலே வருவதற்காகத் தொட்டிகளில் செலுத்திய அழுத்தக் காற்றின் வழியில் பனிக்கட்டி உறைந்து அடைத்திருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதே ஆண்டு 'சப்சேஃப்' என்ற பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தச் சான்று பெற்ற அமெரிக்க நீர்மூழ்கி ஒன்றுகூட இதுவரை கடலில் தொலைந்ததில்லை. ஒவ்வோர் ஏப்ரலிலும் நடக்கும் த்ரெஷர் நினைவு நிகழ்ச்சிகளில் இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கமாட்டார்கள். அந்த 129 குடும்பங்களுக்கும் அது வெறும் தொழில்நுட்பத் தகவல் இல்லை.

காரணம் தெளிவாகாமலே போன விபத்துகளும் உண்டு. 1985 டிசம்பர் 12 அன்று கனடாவின் கேண்டர் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய உடனே 'ஏரோ ஏர்' டிசி-8 விமானம் விழுந்தது. சினாய் தீபகற்பத்தில் அமைதிகாப்புப் பணி முடித்து, கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த 248 அமெரிக்க வீரர்களும் எட்டு ஊழியர்களும் இறந்தார்கள். விசாரணை வாரியமே இரண்டாகப் பிளந்தது. பெரும்பான்மையினர் இறக்கையில் படிந்த பனி என்றார்கள். நான்கு உறுப்பினர்கள் அதை ஏற்காமல் விமானத்துக்குள்ளேயே தீ என்றார்கள். பிறகு ஆராய்ந்த ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் இரண்டுக்குமே போதிய ஆதாரமில்லை என்றார். கடைசியில் அந்த வாரியத்தையே கலைத்துவிட்டு வேறு அமைப்பை உண்டாக்கினார்கள். காரணம் பற்றிய இந்தக் கேள்வி தீராத நிலையிலேயே கேண்டர் ஊரில் நினைவிடம் எழும்பியது. ஏரிக்கரையில், விழுந்த இடத்திலேயே, ஆயுதம் ஏந்தாத ஒரு வீரன் இரண்டு குழந்தைகளின் கையைப் பிடித்து நிற்கும் சிலை. குழந்தைகளின் கையில் ஆலிவ் கிளைகள். எந்தக் காரணத்தின் பக்கமும் அது சாயவில்லை. அவர்கள் என்ன வேலை முடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறது. அவர்களுடைய படைமுகாமான கென்டக்கியின் ஃபோர்ட் கேம்ப்பெலில், இறந்த வீரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக மேப்பிள் மரங்கள் நட்டார்கள். கனடாவின் மரம், அமெரிக்காவின் மண். டிசம்பர் 12-ஆம் தேதி இன்றும் இரண்டு ஊர்களிலும் கூடுகிறார்கள். அதனால் உங்கள் விபத்தின் விசாரணை முடியவில்லை என்றால், 'விசாரணை முடிவு வரவில்லை' என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஊகத்துக்கு மைக் கொடுக்காதீர்கள்.

இனி ஏற்பாடுகள். இங்கேதான் நல்ல எண்ணத்தில் நிறையத் தப்பு நடக்கிறது.

தேசியக்கொடியை மேஜை விரிப்பாகப் போடுவதும், படத்தின்மேல் போர்த்துவதும், மேடையின் பின்திரையாகக் கட்டுவதும் கொடிச் சட்டத்துக்கு முரண். சவப்பெட்டியின்மேல் கொடி போர்த்துவது அரசு, ராணுவ, துணைராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்குகளுக்கு மட்டும் உரியது. அரைக்கம்பமும் அப்படித்தான், அரசு உத்தரவு இல்லாமல் நாமாக இறக்கக்கூடாது. முழுக் கம்பத்தில் முறையாக ஏற்றி, மாலையில் முறையாக இறக்கினால் அதுவே பெரிய மரியாதை.

பியூகிள் என்ற ராணுவ ஊதுகொம்பை வாசிப்பவர் கிடைத்தால் மலர்வளையம் வைத்தபின் 'லாஸ்ட் போஸ்ட்' என்ற அஞ்சலி இசை, அதன்பின் இரண்டு நிமிட மௌனம், முடிவில் 'ரவுஸ்' என்ற விழிப்பு இசை. கிடைக்காவிட்டால் ஒலிப்பதிவைப் போடலாம், ஆனால் மௌனத்தின் நடுவே யூடியூப் விளம்பரம் பாடாதபடி முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், நடக்கிற விஷயம்தான். என்.சி.சி. மாணவர்கள் வந்து நிற்கலாம். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து நிற்கும் 'சோக் சஸ்த்ர' மரியாதை பயிற்சி பெற்ற படையினருக்கு உரியது. மரத்துப்பாக்கியை வைத்துப் பிள்ளைகளை அதைச் செய்யவைக்க வேண்டாம். முன்னாள் வீரர்களைப் பதக்கத்தோடு வரச் சொல்லுங்கள். தன் பதக்கம் என்றால் இடது மார்பில், மறைந்தவரின் பதக்கத்தை வீட்டார் அணிவதென்றால் வலது மார்பில். தெரியாத சிலர் அவர்களைத் திருத்தப் போவார்கள், அதைத் தடுக்கவாவது இது தெரிந்திருக்கட்டும்.

ஃப்ளெக்ஸ் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். இறந்தவர்களின் படம் தபால்தலை அளவிலும், 'கண்ணீர் அஞ்சலி செலுத்தும்' பிரமுகரின் படம் ஆளுயரத்திலும் இருப்பதை எத்தனை தடவைதான் பார்ப்பது? விழாக் குழுவின் முதல் கூட்டத்திலேயே முடிவெடுத்துவிடுங்கள்: பேனரில் உயிரோடு இருக்கும் யார் படமும் வராது. எல்லாருக்கும் பொதுவான விதி என்றால் யாரும் தனியாகக் கோபித்துக்கொள்ள முடியாது. பேச்சாளர் மூன்று பேருக்குமேல் வேண்டாம். பொன்னாடை வேண்டவே வேண்டாம்.

எல்.ஈ.டி. திரையில் விபத்துக் காட்சியை ஓடவிடாதீர்கள். குன்னூர் ஹெலிகாப்டர் மூடுபனிக்குள் மறையும் வீடியோவை நாடே பார்த்துவிட்டது. அஞ்சலிக் கூட்டத்தில் இன்னொரு முறை பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. திரை இருந்தால் இறந்தவர்கள் வாழ்ந்ததைக் காட்டுங்கள். குரூப் கேப்டன் வருண் சிங், தேஜஸ் விமானம் நடுவானில் கோளாறானபோது அதைக் கைவிடாமல் தரையிறக்கியதற்காகச் சௌர்ய சக்ரா பெற்றவர். விருது கிடைத்த சில வாரங்களில், தான் படித்த பள்ளிக்குக் கடிதம் எழுதினார். படிப்பில் நான் சுமாரான மாணவன்தான், சுமாராக இருப்பதில் தவறில்லை, பிடித்த ஒன்றில் முழு உழைப்பைக் கொடுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் கடிதம். விபத்து நடந்த அன்று உயிர் பிழைத்தவர் அவர் ஒருவர்தான், டிசம்பர் 15-ஆம் தேதி பெங்களூரு ராணுவ மருத்துவமனையில் இறந்தார். அந்தக் கடிதத்தின் கருத்தை ஒரு பத்தாம் வகுப்பு மாணவன் தன் சொந்த வார்த்தையில் சொன்னால், பத்துப் பேச்சாளர்கள் பேசியதைவிட அதிகம் நிற்கும்.

முதலில் ஓடிப்போய் உதவியவர்களை மறக்காதீர்கள். தீயணைப்புத் துறை, போலீஸ், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். அவர்களுக்கு முன்வரிசையில் இடம் கொடுங்கள், பெயர் சொல்லி வணக்கம் சொல்லுங்கள். ஆனால் மேடைக்கு ஏற்றி 'அன்று என்ன பார்த்தீர்கள்' என்று கேட்காதீர்கள். எரிந்த உடல்களைக் கையால் தூக்கியவர்கள் அவர்கள். பலருக்கு அதன்பின் தூக்கம் போயிருக்கும், வீட்டில்கூட அதைப் பேசியிருக்கமாட்டார்கள். அவர்களாகப் பேச விரும்பினால் பேசட்டும். டிவி நிருபர்களிடமும் இதை முன்பே சொல்லி வையுங்கள்.

அனுமதி விஷயம் சுலபம்தான். உள்ளூர் காவல் நிலையத்தில் கடிதம், இடம் யாருடையதோ அவர்களின் ஒப்புதல், மைக் செட்டுக்கு அனுமதி. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கண்டிப்பாகத் தெரிவியுங்கள். பக்கத்தில் ராணுவ, விமானப்படை நிலையம் இருந்தால் அவர்களுக்கும் அழைப்பு அனுப்பலாம், எந்த நிலை அதிகாரி வருவார் என்பது அவர்கள் முடிவு. விழுந்த இடம் வனத்துறை நிலத்திலோ எஸ்டேட்டிலோ இருந்தால் அங்கே கூட்டமாகப் போகாமல், நான்கைந்து பேர் மட்டும் போய்ப் பூ வைத்துவிட்டு வரலாம்.

கூட்டத்தில் பணம் வசூலிக்காதீர்கள். கொடுக்க விரும்புகிறவர்களுக்குக் கொடிநாள் நிதி இருக்கிறது, மாவட்ட நிர்வாகம் வழியாகவே செலுத்தலாம், ரசீதும் வரும். கொடிநாள் டிசம்பர் 7. குன்னூர் விபத்தின் நினைவு நாள் அதற்கு மறுநாள். நீலகிரி, கோவைப் பக்கத்துப் பள்ளிகள் இரண்டையும் சேர்த்தே ஏற்பாடு செய்யலாம்.

கூட்டத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கவலைப்பட வேண்டாம். முதல் ஆண்டு நாற்காலி போதாது, ஐந்தாம் ஆண்டு பாதி காலியாக இருக்கும். அதற்காக நிகழ்ச்சியைப் பெரிதாக்கப் பாட்டுக் கச்சேரி, அன்னதானம் என்று போகவேண்டாம். அரைமணி நேரம், பெயர்கள், மௌனம், பூ, ஒரு டீ. இதை இருபது பேரால் இருபது வருஷம் நடத்த முடியும்.

முடிந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கும். பெயர்ப் பட்டியல் அச்சிட்ட நிகழ்ச்சித் தாள், இரண்டு மூன்று புகைப்படங்கள், யார் யார் வந்தார்கள் என்ற ஒரு பக்கக் கடிதம் ஆகியவற்றை ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்றாக உறையில் போடுங்கள். முகவரியை நீங்களாகத் தேடி அலைய வேண்டாம், யாரும் தரவும் கூடாது. இறந்தவர் எந்தப் படைப்பிரிவோ அதன் ஆவணக் காப்பு அலுவலகத்துக்கு, 'குடும்பத்தாரிடம் சேர்க்கவும்' என்று முகப்புக் கடிதம் வைத்து அனுப்பினால் அவர்கள் சேர்ப்பிப்பார்கள். கடிதம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும், கூடவே தமிழிலும் நான்கு வரி எழுதுங்கள்.